பெயர் பொறித்த பெட்டி

தட்டில் சுழன்ற காலம் – 17

சென்ற இதழில், 1970 டிசம்பர் 31 அன்று பால் மெக்கார்ட்னி தன் மூன்று பீட்டில்ஸ் சகாக்கள் மீது லண்டனில் வழக்குத் தொடுத்ததோடு நிறுத்தியிருந்தோம். ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 1971 டிசம்பர் 20 அன்று, அந்த மூவரில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசனின் பெயரோடு அமெரிக்கக் கடைகளுக்கு ஒரு பெட்டி வந்து இறங்கியது. ஆரஞ்சு நிறப் பெட்டி. உள்ளே மூன்று எல்.பி. தட்டுகளும் 64 பக்கப் படப் புத்தகமும். மேலே, விலா எலும்புகள் துருத்த, காலித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையின் படம். தலைப்பு: பங்ளா தேஷுக்கான இசை நிகழ்ச்சி. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்து அப்போது நான்கே நாள் ஆகியிருந்தது. ராக் இசைக்காரர் ஒருவர் மேடையில் நடத்திய அறக்கச்சேரியை அப்படியே தட்டில் ஏற்றி, அதன் வருமானத்தையும் அறத்துக்கே எழுதிவைத்த பெரிய முயற்சிகளில் இதுவே முன்னோடி. அரை நூற்றாண்டாக இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுவருகிறார்கள்: பணம் எவ்வளவு வந்தது, எவ்வளவு போய்ச் சேர்ந்தது? அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடையாது. ஆனால் இந்தப் பெட்டி சுமந்துபோனது பணம் மட்டுமல்ல. ஒரு பெயரையும் சுமந்துபோனது. பணம் பத்தாண்டு தாமதமாகப் போயிற்று, பெயர் அரசாங்கங்களை முந்திக்கொண்டு போயிற்று. இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான் என்பது என் வாதம். பாட்டு சரக்கானதால்தான் அந்தப் பெயர் எல்லை தாண்டி வீடு வீடாக நுழைந்தது. சரக்கானதால்தான் பணம் வரி அலுவலகத்தில் மாட்டிக்கொண்டது.

முதலில் பெயரின் கதை. 1970 நவம்பர் 12 இரவு கிழக்குப் பாகிஸ்தானின் கழிமுகத் தீவுகளில் கரையேறிய போலா புயல் குறைந்தது மூன்று லட்சம் பேரைக் கொன்றதாக மதிப்பிடப்படுகிறது. நிவாரணத்தில் இஸ்லாமாபாத் காட்டிய மெத்தனம் அடுத்த மாதத் தேர்தலில் எதிரொலித்தது. கிழக்கின் 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் வென்றது. அதாவது, பாகிஸ்தான் முழுமைக்கும் ஆட்சியமைக்கும் பெரும்பான்மை. ராணுவத் தலைமையும் மேற்கின் அரசியல்வாதிகளும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் ராணுவம் இறங்கியது. பல்கலைக்கழக விடுதிகளிலிருந்தே கொலை தொடங்கியது. மறுநாள் சுதந்திரப் பிரகடனம். பிறகு எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்த மனிதக் கூட்டம் ஆண்டின் முடிவில் ஏறத்தாழ ஒரு கோடியைத் தொட்டது. ஆக, அந்த ஆண்டின் நடுவில் ‘கிழக்குப் பாகிஸ்தான்’ என்று சொல்வதற்கும் ‘பங்ளா தேஷ்’ என்று சொல்வதற்கும் இடையே ஒரு போரே இருந்தது. முதலாவதைச் சொன்னால் அது ஒரு நாட்டின் உள்நாட்டு விவகாரம். இரண்டாவதைச் சொன்னால் அது ஒரு மக்களின் விடுதலை. வெளியுறவு அலுவலகங்கள் இந்தச் சொல்லை எவ்வளவு கவனமாகத் தவிர்த்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் ஆரஞ்சுப் பெட்டியின் தலைப்பு எவ்வளவு துணிச்சலானது என்பது விளங்கும்.

ஹாரிசனுக்கு இந்தச் சொல் ரவிசங்கர் மூலம் வந்தது. காசியில் பிறந்தவர் என்றாலும் ரவிசங்கரின் பூர்விகம் கிழக்கு வங்கத்தின் ஜெசூர் வட்டாரம். அவருடைய குருநாதர் அலாவுதீன் கான் பிறந்த ஊர் பிரம்மன்பாரியா பக்கத்துச் சிப்பூர். அதுவும் கிழக்கு வங்கமே. குருவின் மகனும் சரோத் மேதையுமான அலி அக்பர் கானும் அந்த மண்ணில் பிறந்தவர்தான். ஆகவே 1971 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் ‘ராகா’ என்ற ஆவணப்படத்தின் இசைப்பதிவு வேலையில் இருந்தபோது ரவிசங்கர் ஹாரிசனிடம் மனம்விட்டுப் பேசியது, தொலைதூரத்துத் துயரம் ஒன்றைப் பற்றி அல்ல. எல்லை தாண்டி ஓடிவந்துகொண்டிருந்தவர்களில் அவருடைய உறவுக்காரர்களும் இருந்தார்கள். 25,000 டாலர் திரட்ட முடிந்தால் பெரிது என்பது அவர் எண்ணம். ஹாரிசன் அதைப் பெரிதாக்கினார். ஐந்தாறு வாரத்தில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கு பிடிக்கப்பட்டது, நண்பர்கள் தொலைபேசியில் அழைக்கப்பட்டார்கள், ஜூலை கடைசியில் ‘பங்ளா தேஷ்’ என்றே பெயரிட்ட ஒரு தனிப்பாட்டுத் தட்டும் வெளிவந்துவிட்டது. பாட்டு எழுதும்போது அவருக்கு அரசியல் நோக்கம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. உலகில் எத்தனையோ துயரங்கள் இருக்க ஏன் இது என்று பத்திரிகையாளர்கள் கேட்டபோது, நண்பர் ஒருவர் உதவி கேட்டார், அவ்வளவுதான் என்றே பதில் சொன்னார்.

ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை. மதியம் ஒன்றும் இரவு ஒன்றுமாக இரண்டு காட்சிகள். இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 40,000 பேர். மேடையில் யார் யார் இருந்தார்கள் என்பது பலமுறை எழுதப்பட்ட கதை. ரிங்கோ ஸ்டார், எரிக் கிளாப்டன், லியான் ரஸ்ஸல், பில்லி பிரெஸ்டன், பேட்ஃபிங்கர் குழுவினர், எல்லாவற்றுக்கும் மேலாக 1966 மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு மேடை ஏறுவதையே அரிதாக்கிக்கொண்ட பாப் டிலன். மெக்கார்ட்னி வரவில்லை, வழக்கு நடந்துகொண்டிருந்தது. மனைவி யோகோ இல்லாமல் தன்னை மட்டும் அழைத்ததால் ஜான் லென்னனும் வரவில்லை. இந்த நட்சத்திரப் பட்டியலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இவர்களுக்கெல்லாம் முன்னால் மேடையில் அமர்ந்த நால்வர்: சித்தாரில் ரவிசங்கர், சரோத்தில் அலி அக்பர் கான், தபலாவில் அல்லா ரக்கா, தம்புராவில் கமலா சக்ரவர்த்தி. கமலா, பாடகி லட்சுமி சங்கரின் தங்கை. தென்னிந்திய சாஸ்திரி குடும்பத்துப் பெண். இவர்கள் சுருதி சேர்த்து முடித்ததுமே அரங்கம் கைதட்டியதும், சுருதி சேர்ப்பே இவ்வளவு பிடித்திருந்தால் கச்சேரி இன்னும் பிடிக்கும் என்று ரவிசங்கர் புன்னகையோடு சொன்னதும் இன்றும் சிரிக்கச் சொல்லப்படும் சம்பவம். சிரிப்பு இருக்கட்டும். அந்தக் கைதட்டல் தட்டிலும் பதிவாகியிருக்கிறது, அது வெட்டப்படவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

ஏனென்றால் தட்டு என்பது கச்சேரியின் நகல் அல்ல. இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரும் ஹாரிசனும் பல வாரம் உட்கார்ந்து, பெரும்பாலும் இரவுக் காட்சியிலிருந்து எடுத்துக் கோத்த ஒரு பொருள் அது. ரிங்கோ தன் பாட்டில் வரிகளை மறந்து முணுமுணுத்ததை அப்படியே விட்டுவைத்தார்கள் (சீர்செய்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது). அந்தத் தேர்வுகளில் எல்லாம் பெரியது, வரிசை. ஆறு பக்கங்களில் முதல் பக்கம் முழுவதும் ஹாரிசனின் சிறு அறிமுகத்துக்கும் ரவிசங்கரின் பேச்சுக்கும் ‘பங்ளா துன்’ என்ற வாத்திய இசைக்கும் ஒதுக்கப்பட்டது. டிலனின் ஐந்து பாட்டு ஐந்தாம் பக்கத்தில். தலைப்புப் பாட்டு ஆறாம் பக்கத்தின் முடிவில். விற்பனையை மட்டும் நினைக்கும் எந்தக் கம்பெனியும் இந்த வரிசையை வகுத்திருக்காது. பீட்டில்ஸுக்காகவும் டிலனுக்காகவும்தான் கூட்டம் வந்தது, வங்கத்துக்காக அல்ல என்று சொல்கிறவர்கள் உண்டு. அது உண்மைதான், மறுப்பதில் பொருளில்லை. ஆனால் டிலனுக்காகப் பெட்டியை வாங்கியவர் அதைப் பிரித்து முதல் தட்டின் முதல் பக்கத்தை வைத்தால், காதில் விழுவது வங்கத்து நாட்டுப்புற மெட்டில் எழுந்த சித்தாரும் சரோத்தும். கூட்டம் எதற்காக வந்தது என்பதைவிட, வந்த கூட்டம் எந்த வாசல் வழியாக உள்ளே விடப்பட்டது என்பதுதான் இங்கே கேள்வி.

இனி தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஏப்ரல் 6 அன்று டாக்காவின் அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட், தன் அரசின் மௌனத்தைக் கண்டித்துத் தந்தி அனுப்பினார். அதற்குக் கிடைத்த பரிசு இடமாற்றம். ஜூலை 9 அன்று அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆலோசகர் கிஸிஞ்சர் பாகிஸ்தான் வழியாக ரகசியமாகப் பீக்கிங் போனார். ஜூலை 15 அன்று நிக்சன் அந்தப் பயணத்தைத் தொலைக்காட்சியில் அறிவித்தார். சீனக் கதவைத் திறந்துவிட்ட பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கானைச் சங்கடப்படுத்தும் எந்தச் சொல்லும் வெள்ளை மாளிகைக்கு அப்போது வேண்டாதது. அந்த அறிவிப்புக்குப் பதினேழாம் நாள், அதே நாட்டின் மிகப் பெரிய நகரத்தில், மிகப் பிரபலமான அரங்கில், வேண்டாத சொல்லையே தலைப்பாக வைத்துக் கச்சேரி நடக்கிறது. டிசம்பர் 6 அன்று இந்தியாவும் பூட்டானும் பங்களாதேஷை அங்கீகரித்தன. பிரிட்டன் அங்கீகரித்தது 1972 பிப்ரவரி 4. இசைத்தட்டு அங்கே கடைக்கு வந்தது ஜனவரி தொடக்கத்தில், விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்கும் ஏறியது. அமெரிக்கா அங்கீகரித்தது ஏப்ரல் 4; அதற்குள் பெட்டி அங்கே பட்டியலின் இரண்டாம் இடம்வரை போயிருந்தது, மார்ச் இறுதியில் கச்சேரித் திரைப்படமும் வந்துவிட்டது. ஐக்கிய நாடுகள் சபையில் இடம் கிடைக்க 1974 செப்டம்பர் ஆயிற்று. சுருக்கமாகச் சொன்னால், வெளியுறவுத் துறைகள் எழுதத் தயங்கிய ஒரு பெயர் அதற்கு முன்பே பெட்டிகளில் அச்சாகி, மக்கள் கடையில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கிவிட்டிருந்தார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நான் படித்தவற்றில் இதைத்தான் மதிக்கிறேன். பெட்டியின் தலைப்பு ஒன்றைச் சொல்ல, மேலட்டைப் படம் வேறொன்றைச் சொல்கிறதே என்பது அது. பசித்த குழந்தையின் படம் பஞ்சத்தைச் சொல்கிறது, புயலைச் சொல்கிறது, கடவுளோ காலநிலையோ செய்த கொடுமை என்று சொல்கிறது. துப்பாக்கி வைத்திருந்தவன் படத்தில் இல்லை. கொலையை நிவாரணமாக மாற்றிவிட்டார்கள், குற்றவாளி இல்லாத துயரமாக்கிவிட்டார்கள் என்கிறது இந்த மறுப்பு. ஹாரிசனின் பாட்டிலும் ராணுவம் வருவதில்லை. பணம் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃபுக்குப் போகிறது என்றால், பக்கம் சாராத அந்த அமைப்பின் மொழியில்தான் பேச முடியும் என்பதும் உண்மை. பின்னாளில் ஆப்பிரிக்கப் பஞ்சங்களுக்காக நடந்த எத்தனையோ கச்சேரிகள் இதே படத்தை, இதே ‘பாவம் குழந்தை’ பார்வையைப் பிடித்துக்கொண்டு போரையும் கொள்கைகளையும் மறைத்தன என்றால், அதன் தொடக்கம் இங்கே என்று குற்றம்சாட்ட இடமிருக்கிறது. இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மறுபாதியை ஒப்புக்கொள்ள முடியாததற்குக் காரணம், படத்துக்கு மேலே இருந்த சொல். ‘கிழக்குப் பாகிஸ்தான் அகதிகளுக்காக’ என்று தலைப்பிட்டிருந்தால் யாரும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள், பணமும் குறைந்திருக்காது. படம் இரக்கம் கேட்டது. பெயர் பக்கம் எடுத்தது. எடுத்தவருக்கே அது முழுதாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நண்பர் சொன்ன பெயரை அப்படியே எழுதினார், அந்த நண்பர் வங்காளி.

இசைக்காரர்களால்தான் அமெரிக்கப் பொதுக்கருத்து திரும்பியது என்று சொன்னால் அதுவும் பொய். ஜூன் 13 அன்றே அந்தோணி மஸ்கரேனஸ் லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ இதழில் படுகொலையின் முழு விவரத்தை எழுதிவிட்டார். கராச்சி வேலையையும் வீட்டையும் விட்டுக் குடும்பத்தோடு வெளியேறிய பிறகே அதை அச்சேற்ற முடிந்தது. ஜூலை நடுவில் பால்டிமோர் துறைமுகத்தில், பாகிஸ்தானுக்குச் சரக்கு ஏற்ற வந்த ‘பத்மா’ கப்பலின் வழியில் சிலர் சின்னப் படகுகளோடு போய் நின்றார்கள். செனட்டர் எட்வர்ட் கென்னடி ஆகஸ்டில் அகதி முகாம்களின் சேற்றில் நடந்தார். இவை எல்லாம் தகவலைத் தந்தன, அழுத்தம் தந்தன. பெட்டி தந்தது அவை தர முடியாத ஒன்று, பழக்கம். செய்தித்தாளை மறுநாள் மடித்துப் போட்டுவிடலாம். இசைத்தட்டு அலமாரியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும், வருகிறவர் போகிறவர் எல்லாம் அந்தப் பெயரைப் படிப்பார்கள். 1973 மார்ச்சில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதுக்கு இதன் பெயரை மேடையில் வாசித்தபோது கேட்டவர்கள் யாரும், அது எங்கே இருக்கும் நாடு என்று விழித்திருக்க மாட்டார்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். நுழைவுச்சீட்டு வசூல் 2,43,418 டாலர் 50 சென்ட். ஆகஸ்ட் 12 அன்றே காசோலை யுனிசெஃபுக்குப் போய்விட்டது. ரவிசங்கர் நினைத்த தொகையைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. ஆனால் அந்தச் சமயத்தில் இந்தியாவுக்குள் வந்திருந்த அகதிகள் சுமார் எழுபது லட்சம். வகுத்துப் பார்த்தால் தலைக்கு மூன்றரை சென்ட். அன்றைய மதிப்பில் இருபத்தாறு பைசா, ஒருமுறை. உண்மையில் அகதிகளுக்குச் சோறு போட்டது இந்திய அரசும், அதன் பின்னால் இந்திய மக்களும். 1971 நவம்பர் 15 முதல் நாட்டில் போடப்படும் பெரும்பாலான கடிதங்களில் ஐந்து பைசா அகதி நிவாரணத் தபால்தலை ஒன்றைக் கூடுதலாக ஒட்ட வேண்டியிருந்தது. அவசரத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுத் தபால்தலையின் மேலேயே ‘அகதி நிவாரணம்’ என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். தனித் தபால்தலை பிறகுதான் வந்தது. தூத்துக்குடியிலிருந்து பொள்ளாச்சிக்கு நலம் விசாரித்து எழுதியவர்கூட ஒன்றரை ஆண்டு போல அந்த ஐந்து பைசாவைக் கட்டினார். அந்தக் கச்சேரிக்கு மேடையும் இல்லை, தட்டும் இல்லை. பணத்தால் மட்டும் அளந்தால் மேடிசன் ஸ்கொயர் கார்டன் இந்தக் கதையின் ஓரத்தில் நிற்க வேண்டியதுதான்.

ஓரத்திலிருந்து நடுவுக்கு வர ஒரே வழி இசைத்தட்டு. அரங்கில் இரண்டு காட்சிக்கும் சேர்த்து 40,000 பேருக்கு மேல் உட்கார முடியாது, தட்டுக்கு அந்த எல்லை இல்லை. ஆனால் அது கச்சேரி முடிந்து ஒருசில வாரத்தில் வந்திருக்க வேண்டியது, டிசம்பர்வரை இழுத்தது. இசைக்காரர்கள் அன்று சம்பளம் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. அவர்கள் குரல் மட்டும் அவர்களுடையதாக இல்லை. ஒவ்வொரு குரலும் ஒரு கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த குரல். டிலன் கொலம்பியாவுக்கு, கிளாப்டனும் பிரெஸ்டனும் வேறு வேறு கம்பெனிகளுக்கு. ஹாரிசனின் இசைத்தட்டு நிறுவனமான ஆப்பிளுக்கு அமெரிக்காவில் விநியோகம் கேபிடல். தட்டை லாபமில்லாமல் அச்சிட்டு விநியோகிக்க வேண்டும் என்று ஹாரிசன் எதிர்பார்த்தார், செலவாவது திரும்ப வேண்டும் என்றது கேபிடல். நவம்பரில் டிக் கேவட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் பொறுமை இழந்து, வேறு கம்பெனி மூலமாவது நான் வெளியிட்டுவிடுகிறேன், பாஸ்கர் என் மீது வழக்குப் போடட்டும் என்று பெயர் சொல்லிச் சவால் விட்டார்.

அந்தப் பாஸ்கர், பாஸ்கர் மேனன். திருவனந்தபுரத்துக்காரர். அந்த ஆண்டுதான் கேபிடலின் தலைவராகியிருந்தார். அதற்கு முன் இந்தியாவின் கிராமபோன் கம்பெனியை நடத்தியவர். கிராமபோன் கம்பெனியின் ஆலை இருந்தது கல்கத்தாவின் டம்டம்மில். அதன் பக்கத்துச் சால்ட் லேக்கில்தான் 1971இன் மிகப் பெரிய அகதி முகாம்களில் ஒன்று எழுந்தது. ஆக, வங்கத்து அகதிகளுக்கான தட்டைத் தடுக்கும் கல்நெஞ்சராகத் தொலைக்காட்சியில் காட்டப்பட்டவர், அந்த மேடையில் ஏறிய ராக் இசைக்காரர்கள் எவரையும்விட அந்த ஊரை நன்றாக அறிந்தவர். அவரைக் குறை சொல்வது எளிது. ஆனால் மூன்று தட்டுகளும் புத்தகமும் பெட்டியுமாக ஒன்றைத் தயாரிப்பது அக்காலத்தில் பெருஞ்செலவு, கம்பெனித் தலைவருக்குப் பங்குதாரர்களுக்குப் பதில் சொல்லும் கடமை உண்டு. முடிவில் கேபிடல் 37,50,000 டாலருக்கு முன்பணக் காசோலை கொடுத்தது. கேசட் உரிமை கொலம்பியாவுக்குப் போயிற்று. பெட்டியின் விலை 12 டாலர் 98 சென்ட். ஹாரிசனின் கோபமும் மேனனின் கணக்கும் சேர்ந்துதான் பெட்டி பிறந்தது என்பதே நியாயமான தீர்ப்பு. ஆனால் அந்த இழுபறியில் கழிந்த நாலரை மாதத்தில் போர் ஒன்று தொடங்கி முடிந்தேவிட்டது.

கம்பெனிகள் இறங்கிவந்தன, வரித்துறை இறங்கவில்லை. கச்சேரிக்கு முன்பே யுனிசெஃபோடு முறையாக ஒப்பந்தம் எழுதி, அறநிறுவனத்துக்குரிய வரிவிலக்குக்கு விண்ணப்பித்திருந்தால் தட்டின் வருமானம் நேராகக் குழந்தைகளுக்குப் போயிருக்கும். அப்படிச் செய்யவில்லை. ஆகவே ஆப்பிள் நிறுவனத்தின் கைவழியே வந்த பணத்தை, ஒரு வணிக நிறுவனத்தின் வருமானமாகவே அமெரிக்க வருமான வரித்துறை பார்த்தது. 1972இல் சுமார் இருபது லட்சம் டாலர் போனது. மீதியில் பெரும்பகுதி தணிக்கை முடியும்வரை முடக்கப்பட்டது. தணிக்கை முடிய ஏறக்குறைய பத்தாண்டு. 1980களின் தொடக்கத்தில்தான் 88 லட்சம் டாலர் யுனிசெஃபின் கைக்குப் போனது. பிரிட்டனில் இன்னொரு விதம். அங்கே தட்டுகளின் மீது கொள்முதல் வரி. விலக்குக் கேட்டு ஹாரிசன் நிதித்துறையின் பேட்ரிக் ஜென்கினைச் சந்தித்தார். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்ற வகைப் பதிலே கிடைத்தது. 1973இல் பத்து லட்சம் பவுண்டுக்குத் தன் சொந்தக் காசோலையை எழுதிப் பிரிட்டிஷ் கருவூலத்துக்குக் கொடுத்து அந்த விவகாரத்தை முடித்தார். அகதிக்குப் போக வேண்டிய பணத்துக்காக, உதவி செய்தவரே அரசாங்கத்துக்குக் கப்பம் கட்டினார்!

திருட்டுப் புகாரும் எழுந்தது. 1972 பிப்ரவரியில் ‘நியூயார்க்’ வார இதழ், ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு டாலருக்குமேல் கணக்கில் வரவில்லை என்று எழுதியது. குறி வைக்கப்பட்டவர் ஆப்பிளின் மேலாளர் ஆலன் கிளைன். அவர் 15 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார், பிறகு விட்டுவிட்டார். வேறொரு வரி வழக்கில் பின்னாளில் அவர் இரண்டு மாதம் சிறையிருந்ததால் இந்தப் புகாரும் உண்மையாகத்தான் இருக்கும் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். நிரூபிக்கப்படாததை நிரூபித்ததாக எழுத வரலாற்றுக்கு உரிமை இல்லை. அதோடு, திருடனைத் தேடுவதில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு கெட்ட மனிதனைக் கண்டுபிடித்துவிட்டால் முறையைக் கேள்வி கேட்க வேண்டியதில்லை. இங்கே பணத்தை நிறுத்தியது எவருடைய பையும் அல்ல, ஒரு விண்ணப்பப் படிவம். எழுதப்படாத ஒரு விண்ணப்பப் படிவம்.

ஐந்தாறு வாரத்தில் அத்தனையையும் செய்தவர்களிடம் வரிச்சட்ட நுணுக்கத்தை எதிர்பார்க்கலாமா என்று ஹாரிசனுக்காக வாதாடுகிறவர்கள் கேட்கிறார்கள். முன்மாதிரியும் பெரிதாக இல்லை. 1967 மான்ட்ரே விழா அறக்கட்டளையாக நடந்தது, இசைக்காரர்கள் இலவசமாக வாசித்தார்கள். விந்தை என்னவென்றால் அங்கே பணம் வாங்கிக்கொண்டு வாசித்த ஓரிருவரில் ஒருவர் ரவிசங்கர். ஆனாலும் இந்த வாதம் முழுதாகச் செல்லாது. பாட்டுக்காரருக்குச் சட்டம் தெரியாது என்பது சரி. அவரைச் சுற்றிலும் வக்கீல்களும் கணக்கர்களும் கூட்டமாக இருந்தார்கள், மெக்கார்ட்னியின் வழக்குக்காக இரவு பகலாக உழைத்துக்கொண்டும் இருந்தார்கள். தங்கள் கட்சிக்காரரின் பணத்தைக் காக்கக் காட்டிய சுறுசுறுப்பில் நாலில் ஒரு பங்கு இதற்குக் காட்டியிருந்தால் போதும். இதன் விலை காகிதத்தில் கட்டப்படவில்லை. 1974இல் பங்களாதேஷில் வெள்ளமும் விலையேற்றமும் சேர்ந்து கொடிய பஞ்சம் வந்தது. ரங்பூர் பக்கத்திலிருந்து கூட்டம் கூட்டமாக மக்கள் டாக்காவை நோக்கி நடந்தார்கள். மேலட்டைக் குழந்தையைப் போன்ற குழந்தைகள் உண்மையில் செத்துக்கொண்டிருந்த அந்த ஆண்டு, அவர்களுக்கென்று சேர்த்த பணம் அமெரிக்கத் தணிக்கையில் கிடந்தது. தாமதமாக வந்த பணமும் பயன்பட்டதே என்று சொல்லி இதைப் பூசி மெழுக முடியாது. பயன்பட்டது, வேறு குழந்தைகளுக்கு.

1985இல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக லைவ் எய்ட் கச்சேரியை நடத்தக் கிளம்பிய பாப் கெல்டாஃபுக்கு ஹாரிசன் சொன்ன புத்திமதி இசையைப் பற்றியதல்ல, பணம் போகும் பாதையை முதலில் போட்டுக்கொள் என்பது. அதே பஞ்சத்துக்காக கெல்டாஃப் முந்தைய ஆண்டு கொண்டுவந்த கிறிஸ்துமஸ் பாட்டின் விற்பனை வரியை விடமாட்டேன் என்ற மார்கரெட் தாட்சரின் அரசை அவர் பகிரங்கமாக எதிர்த்து நின்றார். வசூலித்த வரிக்கு ஈடான தொகையை அரசு நன்கொடையாகத் திருப்பிக் கொடுத்தது. ஜென்கினின் அலுவலகத்தில் தோற்றது இங்கே வென்றது. ஆனால் அத்தனை நட்சத்திரங்கள் வந்தும் லைவ் எய்டின் இசைத்தட்டு அப்போது வெளியாகவே இல்லை. எத்தனை கம்பெனிகள், எத்தனை ஒப்பந்தங்கள்! அது டிவிடியாக வந்தது 2004இல்தான். பணத்தை அன்றே தொலைபேசியில் திரட்டிவிட்டார்கள், அலமாரியில் நிற்கும் பெட்டி கிடையாது. அந்தக் கச்சேரியின் தலைப்பில் எத்தியோப்பியாவின் பெயரும் கிடையாது.

ஹாரிசன் 2001இல் இறந்தார். 2005இல் அவர் பெயரில் யுனிசெஃபோடு சேர்ந்து ஒரு நிதி அமைக்கப்பட்டது; இசைத்தட்டு விற்பனையின் வருமானம் இப்போது முறையான பாதையில் போகிறது. அதே ஆண்டு தட்டை மெருகேற்றி மறுபதிப்புச் செய்தபோது மேலட்டையை மாற்றினார்கள். குழந்தை இருந்த இடத்தில் ஹாரிசன் வந்துவிட்டார். தலைப்பிலும் ஒரு சின்ன மாற்றம். 1971 பெட்டியில் ‘பங்ளா’ என்றும் ‘தேஷ்’ என்றும் இரண்டாகப் பிரிந்து, இன்னும் பெயர் ஆகி முடியாத பெயராக இருந்தது. புதிய அட்டையில் அது ஒரே சொல்.